பெரியவர்களும் ஆட வரட்டும்: தெருப் பொங்கலுக்கு ஒரு விளையாட்டுத் திட்டம்

காணும் பொங்கல் அன்று மாலை நான்கு மணி. குழந்தைகளின் லெமன் ஸ்பூனும் சாக்கு ஓட்டமும் முடிந்து, தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடுகள் பாதி அழிந்து கிடக்கின்றன. "அடுத்து பெரியவங்களுக்கான போட்டி. பேர் குடுக்கிறவங்க மேடைக்குப் பக்கத்துல வாங்க" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு வருகிறது. இரண்டாம் முறையும் வருகிறது. ஆண்கள் மதில் ஓரமாக நகர்ந்து செல்போனை எடுக்கிறார்கள். பெண்கள் கையிலிருக்கும் கரும்புத் துண்டைக் காட்டி, "நீங்க போங்கக்கா, நான் அடுத்ததுக்கு வர்றேன்" என்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து ஆறு பேர் எழுந்து வருகிறார்கள். போன வருடமும் வந்தது அதே ஆறு பேர்தான்.

சென்னைப் புறநகரின் அடுக்ககமானாலும் மதுரையின் வரிசை வீட்டுத் தெருவானாலும் இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை. மற்றவர்களுக்கு விளையாட்டில் ஆசை இல்லை என்று விழாக் குழு முடிவு கட்டிவிடுகிறது. அது தவறான முடிவு. இதே மனிதர்கள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண நலங்கில் மணமக்கள் தேங்காய் உருட்டும்போதும் அப்பளம் உடைக்கும்போதும் தொண்டை கட்டும்வரை கத்துகிறார்கள். மஞ்சள் நீர் ஊற்றுவதற்குக் கொழுந்தனைத் தெருக்கோடி வரை துரத்துகிறார்கள். அங்கே எல்லோரும் உறவு. யார் சிரித்தாலும் அது உறவின் சிரிப்பு.

தெரு அப்படி இல்லை. மூன்றாம் மாடிக்காரரின் பெயர்கூடத் தெரியாது. லிஃப்ட்டில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான் பழக்கம். அவர் முன்னால் ஓடி விழுந்தால் என்ன ஆகும், மூச்சு வாங்கினால் என்ன ஆகும், புடவை தடுக்கினால் என்ன ஆகும், அதை யாராவது வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? நாற்பது வயதுக்காரரை நாற்காலியோடு கட்டிப் போடுவது இந்தக் கூச்சம்தான். ஆகவே பெரியவர்களுக்கான விளையாட்டைத் திட்டமிடுபவர், கூச்சத்தை எந்த வரிசையில் கழற்றுவது என்பதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். கயிறும் பானையும் பரிசும் அதற்குப் பிறகு.

விழாவுக்கு முந்தைய வாரம்

முதல் வேலை, ஆட்டங்களைக் குறைப்பது. பல குழுக்கள் பன்னிரண்டு போட்டிகளை அச்சடித்து ஒட்டிவிட்டு, நான்கைக்கூட முடிக்க முடியாமல் இருட்டில் பரிசு கொடுக்கின்றன. பெரியவர்களுக்கு, கீழே வருபவற்றில் ஐந்து ஆட்டங்களைத் தேர்ந்துகொண்டால் போதும். ஜனவரி நடுவில் சென்னையில் சூரியன் ஆறு மணியை ஒட்டி மறைந்துவிடுகிறது. நான்கிலிருந்து ஆறு வரை நின்று ஆடுபவை, டீ குடித்த பிறகு ஆறரையிலிருந்து எட்டு வரை உட்கார்ந்து ஆடுபவை என்று பிரித்துக்கொண்டால் வெளிச்சமும் உடம்பும் இரண்டும் ஒத்துழைக்கும்.

இரண்டாவது, மேடைக்கு வந்து பெயர் கொடுக்கச் சொல்வதை அடியோடு விட்டுவிடுவது. பெயர் கொடுப்பது என்றால் 'நான் ஜெயிப்பேன்' என்று நாலு பேர் முன்னால் சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அதற்குத் துணிபவர்கள் அந்த ஆறு பேர்தான். விழாவுக்கு நான்கைந்து நாள் முன்பு குழுவிலிருந்து இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வீடு வீடாகப் போய், "கயிறு இழுக்க நம்ம பக்கத்துக்கு ஆள் குறையுது, நீங்க வந்தா எட்டு பேர் ஆயிடும்" என்று கேட்பது நல்லது. உதவி என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. அதே நடையில், முழங்கால் வலி உள்ள பாட்டிக்கும் இரவுப் பணிக்குப் போகும் மருமகளுக்கும் எந்த ஆட்டம் தோதுப்படும் என்பதையும் தெரிந்துகொள்ளலாம். கதவு தட்டப்படாத வீடு விழாவுக்கு வந்தாலும் விருந்தாளியாகத்தான் நிற்கும்.

மூன்றாவதாக, வாட்ஸ்அப் குழுவில் போடும் அறிவிப்பில் இரண்டு வரி கட்டாயம் இருக்க வேண்டும். எப்படி உடுத்தி வருவது என்பது ஒன்று. விளையாட நினைப்பவர்கள் சுடிதாரோ டிராக் பேன்டோ, வழுக்காத செருப்போ ஷூவோ போட்டு வரலாம். புடவையிலும் வேட்டியிலும் வருகிறவர்களுக்கும் ஆட்டங்கள் உண்டு என்று எழுதிவிட்டால் தயக்கம் பாதி குறையும். மற்றது, ஆடுபவர்களைக் கேட்காமல் யாரும் வீடியோ எடுத்துப் பகிரக் கூடாது என்பது. புகைப்படத்துக்கு ஒருவரை நியமித்துவிட்டு மற்றவர்கள் செல்போனைப் பையில் வைத்துக்கொள்ளலாம். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் மதில் ஓரத்தில் நிற்கிற பெண்களில் எத்தனை பேர் இந்த ஒரு வரியை நம்பிக் களத்துக்கு வருகிறார்கள் என்பதைச் செய்து பார்த்த குழுக்கள் அறியும்.

தோற்க முடியாத முதல் ஆட்டம்

தொடங்கும் ஆட்டத்தில் வெற்றி தோல்வி இருக்கவே கூடாது. அதற்கு ஏற்றது 'கையெழுத்து வேட்டை'. ஒரு தாளில் மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறிப்பு: கிணற்றில் நீச்சல் கற்றவர், மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவர், மாடித் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்தவர், ரத்த தானம் செய்தவர், பம்பரத்தைக் கையில் ஏந்தத் தெரிந்தவர், இந்தத் தெருவுக்கு வந்து ஓர் ஆண்டு ஆகாதவர் என்பதுபோல. தாளோடு கூட்டத்துக்குள் நுழைந்து, அந்தக் குறிப்புக்குப் பொருந்துபவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவர் ஒரு தாளில் ஒரே கட்டத்தில்தான் கையெழுத்திடலாம். இந்த விதியை விட்டுவிட்டால் தெரிந்த நண்பர் ஒருவரே ஒன்பதையும் நிரப்பிவிடுவார், ஆட்டம் செத்துவிடும்.

இருபது நிமிடத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஏழு ஆண்டுகளாக எதிர் வீட்டில் இருந்தும் பேசாதவர், "சார், நீங்க கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டீங்களா?" என்று கேட்கிறார். அவர் எந்த ஊர்க் கிணறு என்று சொல்கிறார். கேட்டவருக்கு அது மாமனார் ஊருக்குப் பக்கத்து ஊராக இருக்கிறது. பிறகு ஆட்டத்தை முடிக்கத்தான் விசில் ஊத வேண்டியிருக்கும்.

குறிப்புகளை எழுதும்போது குழு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடத்தில் வேலை செய்பவர்கள், அதாவது காவலர், இஸ்திரி வண்டிக்காரர், குப்பை எடுக்கும் அக்கா, வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஆகியோரைத் தேடிப் போக வைக்கும் குறிப்புகள் குறைந்தது இரண்டு இருக்கட்டும். 'காலை ஐந்து மணிக்கு முன் இந்தத் தெருவைப் பார்ப்பவர்' என்று ஒரு கட்டம் வைத்தால் பால் போடுபவரையும் தேடுவார்கள். அவர்களுக்கும் ஒரு தாள் கொடுக்க வேண்டும். விழா தெருவுக்கு என்றால் தெருவை நடத்துபவர்கள் நாற்காலி தூக்க மட்டும் வந்தவர்களாக நிற்கக் கூடாது.

நாற்காலிக் கணக்கு

மியூசிக்கல் சேர் இல்லாத பொங்கல் விழா அபூர்வம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் பெரியவர்களுக்கு இதைவிடப் பொருந்தாத ஆட்டம் குறைவு. முப்பது பேர் ஆடினால் இருபத்தொன்பது சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரு நிமிடம் என்றால் கிட்டத்தட்ட அரை மணி நேரம். முதல் சுற்றில் வெளியேறியவர் மீதி நேரம் முழுக்க வேடிக்கை பார்க்கிறார். யார் முதலில் வெளியேறுவார்? தயங்கித் தயங்கி வந்தவர், வயதானவர், பிறரை இடிக்கக் கூச்சப்படுபவர். யாரை உள்ளே இழுக்க இவ்வளவு பாடுபட்டோமோ அவரையே முதலில் வெளியே அனுப்புகிறது இந்த ஆட்டம். போதாக்குறைக்கு, டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியின் கால் விரிந்து ஆள் விழுவதும் உண்டு.

பாட்டும் ஓட்டமும் வேண்டும், வெளியேற்றம் வேண்டாம் என்றால் பள்ளிக்கூடத்தில் ஆடிய கூட்டம் சேரும் ஆட்டம் இருக்கிறது. பாட்டு ஓடும்வரை எல்லோரும் வட்டமாக நடக்கிறார்கள். பாட்டு நின்றதும் ஒரு எண் சொல்லப்படுகிறது. ஐந்து என்றால் ஐந்து பேராகக் கூடி நிற்க வேண்டும். கூட்டத்தில் சேராமல் மிஞ்சியவர்கள் வெளியேறுவதில்லை. அடுத்த எண்ணைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு. சில சுற்றுகளில் எண்ணோடு ஒரு கேள்வியும் சேர்க்கலாம். நான்கு பேர் சேர்ந்த பிறகு, அந்த நால்வருக்கும் பொதுவான ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும், எல்லோரும் வீட்டுக்கு மூத்தவர்கள் என்றோ எல்லோருக்கும் பாகற்காய் பிடிக்காது என்றோ. கை கோத்து நிற்கச் சொல்ல வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும். முன்பின் பழகாத ஆணையும் பெண்ணையும் தொட்டு ஆடச் சொல்லும் எந்த ஆட்டமும் நம் தெருக்களில் பாதிப் பேரைத் திரும்ப மதில் ஓரத்துக்கே அனுப்பிவிடும்.

கயிறு

விழாவின் உச்சம் கயிறு இழுக்கும் போட்டிதான். அதற்குக் காரணம் உண்டு. இது ஒன்றில்தான் தனி ஆளின் திறமை வெளியே தெரியாது. எட்டுப் பேரில் யார் அதிகம் இழுத்தார், யார் சும்மா பிடித்திருந்தார் என்று யாராலும் சொல்ல முடியாது. கூச்சப்படுபவர் ஒளிந்துகொண்டே வெற்றிபெறக்கூடிய விளையாட்டு.

சேர்ந்து செய்வதில் இன்னொன்றும் இருக்கிறது. ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகப் படகுக் குழுவினர் பன்னிரண்டு பேரை வைத்து நடத்தப்பட்டு, 2009-இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் தனியாகத் துடுப்புப் போட்டபோதைவிடச் சேர்ந்து போட்ட பிறகு அதிக வலியைத் தாங்கினார்கள் என்று கண்டது. உழைப்பு இரண்டிலும் ஒரே அளவு. சேர்ந்து அசையும்போது உடலில் இயற்கையாகச் சுரக்கும் எண்டார்ஃபின் கூடுவதே காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. நம் மீனவர்கள் ஐலசா போட்டுக் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. அதனால் ஒவ்வோர் அணிக்கும் குரல் கொடுக்க ஒருவர் வேண்டும். ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்களும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும், கர்ப்பிணிகளும் கயிற்றைத் தொடக் கூடாது. ஆனால் அவர்களில் குரல் வளம் உள்ளவர்தான் இந்தக் குரல் வேலைக்குச் சரியான ஆள். ஆட்டத்தின் தாளமே அவர் கையில்.

1900 முதல் 1920 வரை ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் கயிறு இழுத்தல் இடம்பெற்றிருந்தது. 1908 லண்டனில் மூன்று பதக்கங்களையும் பிரிட்டிஷ் போலீஸ் அணிகளே வென்றன. அதில் லிவர்பூல் போலீஸ் அணியினரின் கனத்த பூட்ஸ் விதிக்குப் புறம்பானது என்று அமெரிக்க அணி முறையிட்டது பெரிய தகராறானது. தெருவுக்கும் இதில் பாடம் உண்டு. செருப்பா, ஷூவா, வெறுங்காலா என்பதை முன்பே முடிவு செய்து இரு அணிக்கும் ஒன்றாக வைத்துவிட வேண்டும். தரை மண்ணாக இருந்தால் நல்லது. சிமென்ட்டிலும் பேவர் பிளாக்கிலும் இந்தப் போட்டியை நடத்தக் கூடாது. அருகில் மைதானமோ காலி மனையோ இருந்தால் அங்கே கண்ணாடித் துண்டும் கல்லும் பொறுக்கிவிட்டு நடத்தலாம்.

இனி கயிறு. சர்வதேச விதிப்படி அணிக்கு எட்டுப் பேர். கயிறு குறைந்தது 33.5 மீட்டர் நீளம், சுற்றளவு 10 முதல் 12.5 சென்டிமீட்டர், எதிரணியை 4 மீட்டர் இழுத்தால் வெற்றி. தெருவுக்கு 25 மீட்டர் நீளமும் 2 மீட்டர் இழுப்பும் போதும். ஆனால் தடிமனில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கை நிறையப் பிடிக்கும் கனம் வேண்டும். தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையைக் கிழிக்கும். நைலான் கயிறு வழுக்கிச் சூடு வைக்கும். அதைவிட மோசம், அது இழுக்க இழுக்க நீண்டு, அறுந்தால் சாட்டைபோல் திரும்பி அடிக்கும். 1997 அக்டோபரில் தைவான் தலைநகர் தைபேயில் 1,600 பேருக்கும் மேல் சேர்ந்து இழுத்த நைலான் கயிறு அறுந்ததில் இருவர் ஆளுக்கு ஒரு கையை இழந்தார்கள். மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சை செய்து மீண்டும் பொருத்தினார்கள். அணிக்கு எட்டுப் பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. "எல்லாரும் வந்து புடிங்கப்பா" என்று ஒலிபெருக்கியில் அழைப்பதுதான் இந்த விளையாட்டின் பெரிய ஆபத்து. பருத்தி வடமோ மணிலாக் கயிறோ வாங்க வேண்டும். வாங்கிய பிறகு முழு நீளமும் கையால் தடவி, அறுந்த இழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ யாரும் சுற்றிக்கொள்ளக் கூடாது. மோதிரத்தையும் கண்ணாடி வளையலையும் கழற்றிவிட வேண்டும். விசில் ஊதியதும் இரு அணியும் மெல்லத் தளர்த்த வேண்டும். எதிரணி குப்புற விழட்டும் என்று திடீரெனக் கையை விட்டால் அந்த அணி தோற்றதாக அறிவிக்கப்படும் என்று முன்பே சொல்லிவிடலாம். ஒரு போட்டிக்கு மூன்று இழுப்பு, நடுவே இரண்டு நிமிட ஓய்வு. பெண்கள் அணிகளின் போட்டியைக் கடைசியில் வைப்பது நல்லது. பல தெருக்களில் அதற்குத்தான் கூட்டம் மாடிப்படி வரை நிற்கும்.

அணி பிரிப்பதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 'ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் போட்டி' என்பது கேட்க உற்சாகமாக இருக்கும். ஆனால் அந்த இரு பிளாக்குகளுக்கும் இடையே தண்ணீர் மோட்டாரும் கார் நிறுத்தும் இடமும் சம்பந்தமாகப் பழைய வழக்குகள் இருக்கும். அவை கயிற்றில் வந்து தொங்கும். வேலை, மொழி, சாதி, கட்சி, சொந்த வீடு, வாடகை வீடு என்று எந்தப் பழைய கோட்டிலும் அணியைப் பிரிக்கக் கூடாது. வீட்டு எண் ஒற்றைப்படை ஒருபக்கம், இரட்டைப்படை ஒருபக்கம் என்றோ, சீட்டு எடுத்தோ பிரிப்பது நல்லது. எடை சமமாக வேண்டும்தான். அதற்காக எல்லோர் முன்னாலும் எடைக் கருவியில் ஏற்ற வேண்டாம். நடுவர் கண்ணளவில் இருவரை மாற்றிவிட்டால் போதும்.

கண்ணைக் கட்டி ஆடுபவை

உறியடிக்குத் தமிழ்நாட்டில் கோயில் மரபே உண்டு. நாராயண தீர்த்தர் வாழ்ந்த தஞ்சை மாவட்டத்து வரகூரில் கிருஷ்ண ஜயந்தியை ஒட்டி நடக்கும் உறியடியும் வழுக்கு மரமும் பேர்பெற்றவை. தெருவில் நடத்தும்போது ஆபத்து கழியில்தான் இருக்கிறது. கண் கட்டிய ஆள் எந்தப் பக்கம் வீசுவார் என்பது அவருக்கே தெரியாது. கழி நான்கு அடிக்கு மேல் வேண்டாம். அவரைச் சுற்றி ஐந்து மீட்டருக்குக் கயிறு கட்டி, குழந்தைகளை அதற்கு வெளியே உட்கார வைக்க வேண்டும். பானையை இரு மரங்களுக்கு நடுவே கட்டலாம். மின்கம்பத்திலும், மேலே மின்கம்பி போகும் இடத்திலும் கட்டவே கூடாது. கண்ணைக் கட்டி மூன்று சுற்றுச் சுற்றிவிடும் பழக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களுக்குத் தலைசுற்றலைத் தரும். அரைச் சுற்று போதும்.

ஒரு சின்ன மாற்றத்தால் இது முழு அணியின் ஆட்டமாகும். அடிப்பவருக்கு அவருடைய அணி மட்டும் குரலால் வழி சொல்ல வேண்டும்; எதிரணி அமைதியாக இருக்க வேண்டும். "இடது பக்கம் ரெண்டடி மாமா... இன்னும் கொஞ்சம்... இப்ப அடிங்க!" என்று பதினைந்து பேர் ஒரே மூச்சில் கத்துவதும், பானை உடைந்து மஞ்சள் தண்ணீர் கொட்டுவதும் அந்தத் தெருவில் நெடுநாள் பேசப்படும்.

கழியே வேண்டாம் என்பவர்களுக்கு இலங்கையில் ஒரு விளையாட்டு இருக்கிறது. அங்கே சித்திரைப் புத்தாண்டு விழாக்களில் கயிறு இழுத்தல், முட்டி உடைத்தல், தலையணைச் சண்டை ஆகியவற்றோடு 'யானைக்குக் கண் வைத்தல்' கட்டாயம் இடம்பெறும். கரும்பலகையில் கண் இல்லாத யானை ஒன்றை வரைந்து, ஆடுபவரின் கண்ணைக் கட்டி, கையில் சாக்பீஸைக் கொடுத்துக் கண் வைக்கச் சொல்வார்கள். வாலில் கண் வைத்தவரும் துதிக்கையில் வைத்தவரும் கட்டை அவிழ்த்துப் பார்த்துத் தாங்களே விழுந்து சிரிப்பார்கள். ஓட வேண்டாம், குனிய வேண்டாம். எண்பது வயதுப் பாட்டிக்கும் ஆறு வயதுப் பேரனுக்கும் சம வாய்ப்பு. செலவு ஒரு பலகை, ஒரு சாக்பீஸ். தமிழ்நாட்டுத் தெருக்கள் இதை இன்னும் அதிகம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இளவட்டக்கல்லைச் சிலர் கேட்பார்கள். நெல்லை மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு ஆண்களோடு பெண்களும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். ஆனால் அது பழகிய உடம்புகளின் விளையாட்டு. ஆண்டு முழுவதும் மேசை முன் உட்கார்ந்தவர் விழா அன்று தூக்கிப் பார்க்கும் கல் இல்லை. கபடியும் அப்படித்தான், மண் தரையும் பயிற்சியும் இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கேடு.

விளக்கு போட்ட பிறகு

டீயும் சுண்டலும் ஆன பிறகு உட்கார்ந்து ஆடுபவை. தமிழர் கூடும் இடமெல்லாம் முதலில் கேட்கப்படுவது பாட்டுக்குப் பாட்டு. பி. எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியில் நடத்திப் புகழ்பெற்று, பிறகு சன் டிவி வழியாகத் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்த வடிவம் இது. இதை வீட்டுக்கு வீடு பிரித்து நடத்தினால், நன்றாகப் பாடும் ஒரே குடும்பம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். ஒவ்வோர் அணியிலும் எழுபது வயதுக்காரரும் கல்லூரி மாணவியும் இருக்கும்படி கலந்துவிட்டால், பி. சுசீலா ஒருவருக்கும் அனிருத் இன்னொருவருக்கும் கை கொடுப்பார்கள். நடத்துபவர் பாட்டின் நடுவே ஒரு சொல்லில் நிறுத்தி, அந்தச் சொல்லின் முதல் எழுத்தில் அடுத்த அணியைத் தொடங்கச் சொல்லலாம். கடைசி எழுத்தைப் பிடித்துத் தொடங்கச் சொன்னால் தமிழில் 'ன்', 'ள்', 'ம்' என்று முடிந்து ஆட்டம் முட்டிக்கொள்ளும்.

பாடக் கூச்சப்படுபவர்களுக்கு, விஜய் டிவியின் 'கனெக்‌ஷன்' நிகழ்ச்சி பரப்பிய படச் சேர்ப்பு ஆட்டம் கைகொடுக்கும். இரண்டு டம்ளர் தண்ணீரின் படத்தைக் காட்டினால் 'தண்ணீர் தண்ணீர்'. ஒரு முள், ஒரு பூ என்றால் 'முள்ளும் மலரும்'. இருபது படங்கள் தயாராக இருந்தால் முக்கால் மணி நேரம் போகும். படங்களைத் தேடும் வேலையைக் கல்லூரிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம்.

எண்பது பேரை ஒரே நேரத்தில் ஆட வைக்க தம்போலாவை விட்டால் வேறில்லை. சீட்டில் மூன்று வரிசை, ஒன்பது நெடுவரிசை, பதினைந்து எண்கள். 1 முதல் 90 வரை அழைப்பு. ஜல்தி ஃபைவ், மேல் வரி, நடு வரி, கீழ் வரி, ஃபுல் ஹவுஸ் என்று பரிசு ஐந்தாறு பேருக்குப் பிரிந்து போகும். காசு வைத்து ஆட வேண்டாம். பத்து ரூபாய் என்றாலும் பணம் நுழைந்த இடத்தில் ஒரு கணக்குத் தகராறு எழும்; தெருவில் சிலர் காசு ஆட்டம் என்பதற்காகவே ஒதுங்குவார்கள். சீட்டு இலவசம், பரிசு பொருளாக. எண்களை அழைப்பவர் தெருவோடு சேர்த்துச் சொன்னால் கூட்டம் கூடவே கத்தும்: "நம்ம தெரு பஸ் நம்பர்... நாப்பத்தேழு!"

நேரமும் ஆளும் இருக்கும் தெருவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் பரமபத சோபன படத்தைத் தரையில் பெரிதாக வரையலாம். இரண்டடிக் கட்டமாக ஆறுக்கு ஆறு, மொத்தம் முப்பத்தாறு கட்டம். பன்னிரண்டு அடிச் சதுரத்தில் அடங்கிவிடும். கோலம் போடும் கைகள் இருந்தால் ஒரு மணி நேர வேலை. அட்டைப் பெட்டியில் வெள்ளைத்தாள் ஒட்டி, புள்ளி வைத்தால் தாயக்கட்டை. ஒவ்வோர் அணிக்கும் ஒருவர் காயாக நிற்பார், மற்றவர்கள் கட்டை உருட்டுவார்கள். பழைய படத்தில் நற்குணங்கள் ஏணி, தீய குணங்கள் பாம்பு. தெருப் படத்தில் மழைநீர்த் தொட்டியைத் தூர் வாரியவருக்கு ஏணி, குப்பையைப் பிரிக்காமல் போட்டவருக்குப் பாம்பு என்று எழுதலாம். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பத்து முறை சொல்லியும் ஏறாதது, பாம்பின் வாயில் ஒருமுறை நின்றால் ஏறிவிடும். ஓர் ஓரத்தில் பதினான்கு குழிப் பல்லாங்குழிப் பலகையும் புளியங்கொட்டையும் வைத்துவிட்டால், சத்தம் வேண்டாதவர்கள் அங்கே கூடிக்கொள்வார்கள். கற்றுக்கொடுக்க எப்படியும் ஒரு பாட்டி இருப்பார்.

நடுவர், மைக், பரிசு

நடுவராகப் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளை நிறுத்துவது நல்லது. "கோட்டைத் தாண்டிட்டீங்க அங்கிள்" என்று அவர்கள் சொன்னால் பெரியவர்கள் சண்டைக்குப் போவதில்லை. சமவயது நடுவரிடம்தான் வாக்குவாதம் வளர்கிறது.

மைக் பிடிப்பவர் யாருடைய உடல்வாகையும் வயதையும் நடையையும் பற்றிப் பேசக் கூடாது. கணவன் மனைவியை வைத்துக் கேலி கூடாது. உட்கார்ந்திருப்பவரின் கையைப் பிடித்து இழுக்கவும் கூடாது. ஒருமுறை அழைக்கலாம், மறுத்தால் அவருக்கு மதிப்பெண் எழுதும் வேலையோ நேரம் பார்க்கும் வேலையோ கொடுக்கலாம். ஒலிபெருக்கிக்கு முன்அனுமதி வாங்க வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை திறந்த வெளியில் அதைப் பயன்படுத்த முடியாது. பகலிலும் குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபெல்தான் அளவு. தெருவில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் படுக்கையில் இருக்கும் நோயாளியும் இருக்கிறார்கள் என்பதை விதி இல்லாவிட்டாலும் நினைவில் வைக்க வேண்டும்.

பரிசை முதல், இரண்டாம், மூன்றாம் என்று அடுக்காமல் அணிக்குக் கொடுப்பது நல்லது. ஒரு பெட்டி கடலைமிட்டாயை வென்ற அணி உடைத்து, தோற்ற அணிக்கும் பங்கு வைக்கும்போது ஆட்டம் நன்றாக முடிகிறது. தனிப்பரிசுக்கு எவர்சில்வர் கிண்ணம் போதும். முதலுதவிப் பெட்டி, ஐஸ், குடிநீர், ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை மேசை மேல் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் எண் 108 எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது உள்ளே வர வழி வேண்டும். விழாவுக்காகத் தெருவின் இரு முனையையும் கயிறு கட்டி அடைக்கும் குழுக்கள் ஒரு முனையிலாவது ஓர் ஆளை நிறுத்த வேண்டும்.

விழா முடிந்த அன்று இரவே குழு உட்கார்ந்து ஒரு வேலை செய்ய வேண்டும். யார் ஜெயித்தார் என்ற பட்டியல் ஏற்கெனவே கையில் இருக்கும். இந்த ஆண்டு முதன்முதலாகக் களத்துக்கு வந்தவர்கள் யார் யார் என்று இன்னொரு பட்டியல் எழுதுங்கள். அடுத்த பொங்கலுக்குக் கதவு தட்டப் போகும் இருவரை அந்தப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுங்கள்.